பன்னிரண்டு சென்டி ஐஸ்

புத்தாண்டுப் பூசை முடிந்து வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. ஹால் நடுவில் நின்று அறிவித்தார்.

"மர்த்து, நான் ஐஸ் பார்க்கப் போறேன்."

"ஃப்ரிட்ஜுல இருக்கு. பாத்துட்டு சீக்கிரம் மூடிடுங்க. கரண்டு வீணாப் போவுது."

"அந்த ஐஸ் இல்லடி. ஹாலந்து ஐஸ்!"

என் கணவர் ரஃபாயேல் பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருஷம் சொல்தாவாக இருந்தவர். அவர்கள் இவரை அனுப்பியதெல்லாம் ஜிபுத்தி, ரெயூனியோன் மாதிரி வெயில் ஊர்கள். பிரான்சில் இருந்த நாலு மாதமும் சுத்தமான வெயில்காலம். பனியையே பார்க்காமல் பென்ஷன் வாங்கும் சொல்தா புதுச்சேரியில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மற்ற சொல்தாக்கள் கூடி உட்கார்ந்து, ஸ்ட்ராஸ்பூரில் பனி எவ்வளவு ஆழம் என்று முழங்காலைத் தொட்டுக் காட்டும்போது, இவர் எழுந்து பாத்ரூம் போய்விடுவார்.

இந்த ஹாலந்து பைத்தியம் வந்தது மரைக்கேயால். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாடியில் மூன்று மாதம் குடியிருந்த டச்சுப் பெண். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கொஞ்சகாலம் வைத்திருந்தார்களாம். அப்போது போட்ட வரைபடங்களை ஆராய வந்தாள். எங்கள் தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல நேராக இருப்பது அவர்களால்தானாம். எதிர்வீட்டு செல்வாம்பாள் மட்டும் கடைசிவரை அவளை மரைக்காயர் வீட்டுப் பெண் என்றே நம்பினாள்.

மரைக்கே ஆராய்ந்தது வரைபடம். பேசியதெல்லாம் ஐஸ்.

அவள் ஊரில் நல்ல குளிர் வந்தால் வாய்க்கால், ஏரி எல்லாம் இறுகிவிடும். ஜனங்கள் காலில் இரும்புத்தகடு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஐம்பது மைல், நூறு மைல். வடக்கே பதினொரு ஊர்களைச் சுற்றி இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று உண்டு. ஐஸ் போதுமான கனம் இருந்தால்தான் நடக்கும். கடைசியாக நடந்தது 1997-இல். பதினாறாயிரம் பேர். விடியுமுன் கிளம்பி, ஊருக்கு ஊர் ஒரு அட்டையில் முத்திரை வாங்கி, நள்ளிரவுக்குள் வந்து சேர்ந்தால் ஒரு குட்டிச் சிலுவை கொடுப்பார்கள். முன்னால் வந்தவனுக்கும் பின்னால் வந்தவனுக்கும் ஒரே சிலுவை. மரைக்கேயின் அப்பா அதை ஐம்பத்தெட்டு வயதில் வாங்கினார். கால்விரல் நகம் இரண்டைக் கொடுத்துத்தான் வாங்கினார்.

இதைக் கேட்ட அன்று நான் மாவு அரைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் உண்டு. கான்வென்ட்டில் ஐந்தாவது படிக்கும்போது பூகோளப் புத்தகத்தில் ஒரு படம். உறைந்த ஆற்றின்மேல் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் சறுக்கிப் போகிறார்கள். கானாவூரில் இயேசு சொன்னதும் தண்ணீர் திராட்சை ரசம் ஆனதை உடனே நம்பியவள் நான். தண்ணீர் தரை ஆவதை மட்டும் நம்ப முடியவில்லை. ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நாற்பது வருஷமாக நெஞ்சில் ஒரு முள்.

இது என் கணவருக்கும் தெரியும். பத்துத் தடவையாவது சொல்லியிருக்கிறேன். அவர் பேப்பர் படிக்கும்போது சொன்னதால் காதில் ஏறவில்லைபோல.

போன டிசம்பர் கடைசியில் மரைக்கே எழுதினாள். 'நாலு சென்டிமீட்டர் பிடித்துவிட்டது. எங்கள் ஊரைச் சுற்றி நாற்பது கிலோமீட்டர் ஓட்டம் வைக்கப் பன்னிரண்டு வேண்டும். அப்பாதான் தினமும் துளைபோட்டு அளக்கிறார். பல வருஷமாக இப்படி ஒரு குளிர் வரவில்லை. உங்களில் யாராவது வரமாட்டீர்களா?'

உங்களில் யாராவது. எங்கள் இரண்டு பேரிடமும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. விசா வேண்டாம், கியூ வேண்டாம். அந்த 'யாராவது' தான்தான் என்று ரஃபாயேல் ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டார்.

புத்தாண்டுக்கு மறுநாளே ட்ராவல்ஸ் நடத்தும் தெய்வசிகாமணியை வீட்டுக்கு வரவழைத்தார். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைதான்.

"எட்டாந்தேதி நைட்டு மெட்ராஸ்லேர்ந்து ஒரு சீட்டு புடிச்சி வைக்கறேன் சார். பேரு அப்புறம் குடுத்தாப் போதும். மேடத்துக்கும் ஒண்ணு போட்டுரவா?"

"அவளுக்கா?" என் கணவர் சிரித்தார். "அவ ஃப்ரிட்ஜத் தொறந்தாலே தும்முவா. அவளுக்கு இன்னாத்துக்கு ஐஸு? வீட்ட யாரு பாக்கறது?"

காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்களேன்.

அன்று சாயங்காலம் வேறு ஒரு வேலையாக நான் வெளியே போய்வந்தேன். எங்கள் ஊர் பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பிரெஞ்சு கான்சுலேட்டுக்கு நேரில் போய்த் தலையைக் காட்டி, உயிரோடு இருப்பதாகக் கையெழுத்து வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அதற்குத் தேதிச்சீட்டு வாங்குவது, போட்டோ ஒட்டுவது, பாரம் நிரப்புவது எல்லாம் நான். உயிரோடு இருப்பது மட்டும் அவர் பொறுப்பு. சீட்டை வாங்கிவந்து காலண்டர் ஆணியில் குத்தி வைத்தேன். அவர் கண் அந்தப் பக்கமே போகவில்லை. அவருக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

குளிர் பழகுவதற்காக மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் போய்க் கால்மணி நேரம் நின்றார். திரும்பி வரும்போது பின்னாலேயே மூன்று பூனைகள் வந்தன. கால் பழகுவதற்காக ஹால் மொசைக்கில் கேரம்போர்டு பவுடரைத் தூவி, கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு சறுக்கினார். அலமாரி வரைக்கும் நன்றாகத்தான் போனார். அலமாரி நகரவில்லை.

"இடிச்சிக்கிட்டீங்களா?"

"பிரேக் போட்டேன்."

கடிதம் என் ஈமெயிலுக்கு வரும். பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு வந்து கணக்கை நான் சொல்வேன். அவர் தெருவுக்குச் சொல்வார். நாலே நாளில் தெருவே ஐஸில் விழுந்துவிட்டது. காலையில் வாசல் தெளிக்கும்போதே செல்வாம்பாள் கேட்பாள்.

"யக்கா, இன்னிக்கி எத்தினி சென்டி?"

"ஏழு."

"நேத்து ஆறுதான? நல்லா தேறுது. யாரு கண்ணும் படாம இருக்கணும்."

பச்சைக் குழந்தைக்கு எடை ஏறுவதுபோலப் பேசினாள். எட்டு ஆனபோது பால்காரர் வாழ்த்துச் சொன்னார். ஒன்பதில் ஒரு நாள் அசையாமல் நின்றது. தெருவில் துக்கம்.

நான் மட்டும் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். 'நீயும் வர்றியா மர்த்து?' அவ்வளவுதான். கேட்டிருந்தால் 'வேணாங்க, நீங்க போய்ட்டு வாங்க' என்றுகூடச் சொல்லியிருப்பேன். சத்தியமாக. அவர் கேட்டதெல்லாம், "மங்கி குல்லா எங்க வச்ச?", "ஸ்வெட்டர் தோச்சியா?", "தைலம் எடுத்து வச்சியா?"

ஜனவரி ஏழு, புதன்கிழமை. மரைக்கேயின் கடிதம்: 'பன்னிரண்டு! சனிக்கிழமை ஓட்டம்!'

சொன்னேன். ரஃபாயேல் துள்ளிக் குதித்துப் பையைத் தூக்கித் தோளில் போட்டார்.

"பேரு குடுக்கப் போறேன். தெய்வசிகாமணி காத்துக்கிட்டு இருப்பான்."

"போய்ட்டு வாங்க. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு உயிர்ச்சான்று. அதுக்கு வந்துருவீங்கல்ல?"

தோளிலிருந்து பை மெதுவாக இறங்கியது. காலண்டர் ஆணியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒம்பதாந்தேதியா?"

"ஒம்பதாந்தேதி. பெரிசாத்தான் எழுதியிருக்கு."

"வேற நாள் மாத்திக்கலாம் இல்ல?"

"எனக்கு என்னங்க தெரியும்? கலியபெருமாள் அண்ணனக் கேளுங்க."

கலியபெருமாள் அடுத்த தெரு சொல்தா. அவரிடம் எதைக் கேட்டாலும் அதில் குறைந்தது ஒரு மரணமாவது இருக்கும். ரஃபாயேல் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"தேதி மாத்தறதா? தம்பி, அந்த வேலையே வச்சிக்காத! ஒரு வருஷம் நான் போவல. எட்டு மாசம் நான் செத்துட்டேன். மறுபடி உசுரு வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சி. இயேசுநாதருக்குக்கூட மூணே நாள்தான்!"

போனை வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். ஆனால் அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது மனசு ஒரு நிமிஷம் கரையத்தான் செய்தது. 'அவளுக்கு இன்னாத்துக்கு ஐஸு' ஞாபகம் வந்தது. மறுபடி இறுகிவிட்டது. பன்னிரண்டு சென்டி.

"அந்தப் பொண்ணு ஏமாந்து போவும்," என்றார். "அவங்கப்பா நமக்காக அளந்துக்கிட்டே இருந்தாரு."

"பாவம்தான்."

"யாராவது ஒருத்தர் போனா மரியாதையா இருக்கும்."

"யாரு போவாங்க?"

"நீ... நீ போறியா?"

"ஐயையோ, நானா? அந்தக் குளிருலயா? எனக்குத் தும்மல் வருமே!"

"மங்கி குல்லா குடுக்கறேன்."

"வீட்ட யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறேன் மர்த்து. எனக்காகப் போடி. போய்ப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லு."

இவ்வளவு தூரம் கெஞ்சும்போது மறுக்க நான் என்ன கல்நெஞ்சக்காரியா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரைக்கே வீட்டில் போய் இறங்கினேன். என் கணவரின் குல்லா, என் கணவரின் ஸ்வெட்டர், என் கணவரின் தைலம். சனிக்கிழமை விடியும்போது அவளும் அவள் அப்பாவும் என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார்கள்.

இதற்குமேல் கேலி பேச எனக்கு வாய் வரவில்லை.

முதலில் சத்தம். இருட்டில் எங்கோ பட்டுப்புடவையைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு நூறு புடவை. ஆயிரம் புடவை. வெளிச்சம் வந்தபோது அவர்கள் வந்தார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒரே தாளத்தில், வரிசை வரிசையாக. மீசையில் உறைபனி பிடித்த கிழவர்கள். முதுகில் பையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள். என்னைவிடப் பெரிய உடம்புக்காரி ஒருத்தி, காற்றில் காகிதம் போவதுபோலப் போனாள். ஒரு சின்னப் பெண், சமையலறை நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நடை பழகிக்கொண்டு. யாரும் யாரையும் விரட்டவில்லை. விழுந்தவர்களை வருகிறவர்கள் தூக்கிவிட்டார்கள். யாரும் கூப்பிடாமல், யாரும் காசு கொடுக்காமல், குளிர் வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஜில்லாவே வீட்டைப் பூட்டிக்கொண்டு தண்ணீருக்கு வந்திருந்தது.

மரைக்கே வீட்டருகில் ஒரு தாழ்ந்த பாலம். அதன்கீழ் ஐஸ் மெலிசு. அங்கே எல்லோரும் கரையேறி, தார்ரோட்டில் நடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். ரோடு இரும்புத்தகட்டைக் கெடுத்துவிடும் அல்லவா? அதற்காக அந்தத் தெருப் பெண்கள் தங்கள் ஹாலில் கிடக்கும் நல்ல கம்பளங்களைக் கொண்டுவந்து ரோட்டில் விரித்தார்கள். சிவப்பு, நீலம், பூப்போட்டது. நாம் தேர் வரும் தெருவைக் கழுவிக் கோலம் போடுவதுபோல. முன்பின் தெரியாதவர்கள் இரும்புக்காலோடு தங்கள் கம்பளத்தை மிதித்துப் போவதை அந்தப் பெண்கள் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டில் ஈரக்காலோடு மொசைக்கை மிதித்தால் நான் ஊரைக் கூட்டிவிடுவேன். வெட்கமாக இருந்தது. நானும் ஒரு கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கிழவர், எண்பது இருக்கும், கரையேறும்போது தடுமாறி என் தோளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. அவர் பாஷையில் என்னவோ சொன்னார். கண்ணில் தண்ணீர். குளிராலா, வேறு எதனாலா தெரியவில்லை. என் கண்ணிலும் வந்தது. அவரைக் கம்பளம் முடியும்வரை நடத்திக்கொண்டு போய் மறுபக்கம் இறக்கிவிட்டேன். இறங்கியதும் அந்தக் கிழவர் இல்லை. அங்கே போனது ஒரு பறவை.

பிறகு மரைக்கேயின் அப்பா கைநீட்டினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஐஸில் காலை வைத்தேன். கறுப்பாக, கண்ணாடிபோல இருந்தது. கீழே தண்ணீர்ச்செடி அசைவது தெரிந்தது. உடையவில்லை. என்னைத் தாங்கியது. தண்ணீர்மேல் நின்றேன். சிலுவை போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் பட்டாணி சூப் குடித்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம்.

"பாத்தியா?" எடுத்ததும் கேட்டார்.

ஒன்று விடாமல் சொன்னேன். கம்பளம், கிழவர், நாற்காலிப் பெண். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் நான் பேசுவதை அவர் இவ்வளவு நேரம் கேட்டது இதுதான் முதல் தடவை. முடித்தபோது ஒரு பெருமூச்சு.

"குடுத்து வச்சவ."

"நேத்து ஆபீசுல என்ன ஆச்சு?"

"ஆச்சு. நான் உசுரோட இருக்கறதா கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் குடுத்துட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம்."

"மர்த்து, கவுண்டர்ல அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"'அஞ்சாந்தேதியே காலியா இருக்குன்னு சொன்னேன். உங்க வீட்டம்மாதான் ஒம்பதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கிட்டுப் போனாங்க. அன்னிக்கி என்ன விசேஷம்?'னு கேட்டாங்க."

ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கே தெரியலம்மான்னு சொன்னேன். இப்பத்தான தெரியுது."

"சீல் குத்திட்டாங்க இல்ல?"

"குத்திட்டாங்க."

"அப்ப எழுந்து போய் மோட்டாரப் போடுங்க. மாடித் தொட்டி காலியா இருக்கும்."