இரு என்றால் இரு

மாட்டுப் பவுண்டு,
ஆவடி ஸ்டேஷனுக்கு மேற்கே.
11-2-1936

சிரஞ்சீவி மைத்துனன் ஜானகிராமனுக்கு, மாமா பரந்தாமன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. சைதாப்பேட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் நீதான் எனக்கு ஒரு வழி சொல்ல வேண்டும். ஒரு மனுஷனைச் சட்ட விரோதமாக அடைத்து வைத்தேன் என்று என் பேரில் பூந்தமல்லி கோர்ட்டில் கேஸ். ருசுவானால் ஒரு வருஷம் வரை ஜெயிலாம். பதினாலு வருஷமாகப் பயிர் மேய்ந்த மாடுகளை அடைத்தவனை இப்போது அடைக்கப் பார்க்கிறார்கள். அலுத்துப் போச்சு அப்பா.

நடந்தது இதுதான். போன வாரம் செங்கல்வராயனுடைய எருமை யாருடைய கத்தரித் தோட்டத்திலோ புகுந்ததென்று பிடித்து வந்தார்கள், நானும் உள்ளே கட்டினேன், மத்தியானம் அவன் வைக்கோல் கட்டோடு வந்து எருமைக்குப் பசி தாங்காது என்றான், சரி போ என்று விட்டேன், அந்த நேரம் பார்த்து உன் அக்காள் சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டாள், உடனே என் கை வழக்கம்போல் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டது. கை செய்த வேலை, நான் செய்யவில்லை. "இன்னா நைனா, ஆளு உள்ள கீறேன், பூட்டிக்கினு போறியே!" என்று கத்தினான். நான் திரும்பிப் பார்க்காமலே, "இரு, தோ வந்துட்டேன்" என்றேன். சாப்பிட்டதும் கண் அசந்துவிட்டது. போய்த் திறந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவனுக்கு அது மூன்று நாளாக இருந்ததாம். கேட்டாயா கதையை!

பிராதில், "'இரு' என்று உத்தரவிட்டுப் பூட்டினார்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொன்னது கொஞ்சம் பொறு என்கிற இரு. அவர்கள் எழுதியது அங்கேயே கிட என்கிற இரு. இதை எந்த மாஜிஸ்திரேட்டிடம் போய் விளக்குவது?

இங்கே ஒரு வக்கீலைக் கேட்டேன். வெளியே போக வேறு வழி இருந்து, அது அவனுக்கும் தெரிந்திருந்தால் அடைத்ததாக ஆகாது என்றார். வழி இருந்ததே! ஐப்பசி மழையில் பின்சுவர் விழுந்து, வண்டியே போகிற அளவுக்குத் திறந்து கிடக்கிறது. மாடுகளைக் கட்டிப்போட்டுத்தான் காலம் தள்ளுகிறேன். எருமை தின்னட்டும் என்று செங்கல்வராயன் கயிற்றை அவிழ்த்திருக்கிறான், அது தின்றுவிட்டு அந்த வழியாகவே வீடு போய்ச் சேர்ந்தது, அவன் பெண்சாதி நாகவல்லி பிடித்துக் கட்டியிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே இவன் முன்கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். ஏன்யா, நீயும் அந்தப் பக்கமாகப் போவதுதானே என்றேன். "நான் இன்னா மாடா? வந்த வழியாத்தான் போவேன்" என்கிறான்.

இதைக் கோர்ட்டில் சொல்லி ஜெயிக்கலாம். ஆனால் மாதா மாதம் ஜில்லா போர்டாருக்கு "சுவர் நான்கும் பத்திரம்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான். சுவர் விழுந்ததைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஜெயில். இந்த வயதில் வேலை போனால் உன் அக்காளை எங்கே கூட்டிப் போவேன்? நினைத்தாலே பயமாக இருக்கிறது. நாளை ஓவர்சியர் பார்வையிட வருகிறார். நாலு நாளாகச் சேறு குழைத்து நானே சுவர் வைக்கிறேன், இடுப்பு விட்டுப்போச்சு. உன் வக்கீலிடம் சுவர் பேச்சு வராமல் ஏதாவது வழி உண்டா என்று கேட்டு எழுது.

உன் சம்சாரமும் குழந்தைகளும் நீயும் நோய் நொடியில்லாமல், கோர்ட்டுக்கு உத்தியோகமாக மட்டுமே போய்வர, பொன்னியம்மன் துணை.

இப்படிக்கு,
உன் மாமா பரந்தாமன்

பின்குறிப்பு: பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மேலே கண்டது எதையும் வக்கீலிடம் சொல்லாதே. தபாலுக்குப் புறப்பட்டவன், மிச்சமிருந்த ஓட்டையையும் அடைத்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நின்றபடியே சுவரை முடித்தேன். நான் போய்விட்டேன் என்று நினைத்து உன் அக்காள் பவுண்டுக் கதவைப் பூட்டி, சாவியோடு, என் கேசுக்காக வேண்டிக்கொள்ளத் திருவேற்காட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கத்தினேன். திரும்பிப் பார்க்காமலே, "இருங்க, தோ வந்துட்றேன்" என்றாள். சுவரை இடிக்கலாம்தான், ஆனால் நாளை ஓவர்சியர்.

என் சத்தம் கேட்டு வந்து வெளியே செங்கல்வராயன் நிற்கிறான். வெகுநேரம் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. மூன்று நாள் என்று அவன் சொன்னது நிஜம்தான் ஜானகிராமா, எனக்கு இப்போதே ஒரு நாள் ஆகிவிட்டது. அதை அவனிடமும் சொன்னேன். கேசை வாபஸ் வாங்குகிறேன் என்றான். இந்தக் கடிதத்தையும் கதவிடுக்கில் அவனிடம்தான் கொடுக்கிறேன். எப்போது வாங்குவாய் என்று கேட்டேன்.

"இரு" என்றான்.