சோடாப் பெட்டியும் உயர்ந்த பிக்கப்பும்

கரவெட்டி,
மழை விட்ட செவ்வாய்க்கிழமை.

என்ரை நெடுவலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கு நானும் ஆடு இரண்டும் சுகம். தங்கள் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் தாங்கள் பூரண சுகத்தோடு இளைப்பாறுவதாக அடக்க ஆராதனையிலேயே பாஸ்ரர் திரும்பத் திரும்பச் சொல்லிப்போட்டார். ஆகவே அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். விஷயம், தாங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போன பெட்டி. அதனால் உங்களோடு எனக்குப் பெரிய கோபம். முதலில் நடந்ததைச் சொல்லுகிறேன், பிறகு ஏசுகிறேன்.

உங்களுடைய முப்பத்தோராம் நாள் ஆராதனை முடிந்து, வந்த சனம் சாப்பிட்டுக் கை கழுவ முதலே உங்கள் தம்பி லெனாட் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். "அண்ணி, உந்தப் பிக்கப்பை வைச்சு என்ன செய்யப் போறியள்? மாரி துவங்கினால் தோட்டத்துக்குப் போற வழிப் பள்ளத்துக்கை தண்ணி நிக்கும். போன முறை அண்ணையே நடுத்தண்ணியிலை நிண்டுபோய், உழவு மிசின் பிடிச்செல்லோ இழுத்தவர். என்னட்டைத் தாங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். பிக்கப் போனால் தோட்டமும் போனதுதான். கத்தரிக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டா நான் நெல்லியடிச் சந்தைக்குப் போவது? அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. "லெனாட், முதல் வெள்ளத்துக்கு இது பள்ளத்தைக் கடக்காட்டில் ஸ்ராட் பண்ணுற திறப்பை நானே கொண்டுவந்து உம்மடை கையிலை தாறன். கடந்திட்டால் நீர் இதைப்பற்றி வாய் திறக்கப்படாது" என்று சொல்லிவிட்டேன். பாஸ்ரர்தான் சாட்சி. வாய்க்குள் வடை இருந்தபடியால் தலையை மட்டும் ஆட்டினார்.

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தெடுத்தேன். வாங்கிவந்த அன்றைக்கு "என்னப்பா இது?" என்று கேட்டதற்கு, "பிக்கப்பை உசத்துற சாமான், பொறு பொறு" என்று சொல்லிக் கட்டிலுக்குக் கீழ் தள்ளினீர்கள். நான் பொறுத்தேன். நீங்கள்தான் பொறுக்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். கராஜ் சுபாஸ்கரனைக் கூப்பிட்டேன். பெட்டிக்குள் இருந்த விளக்கக் கடதாசியை அவன் நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்து, "அக்கா, சிங்களம்போலை கிடக்கு" என்றான். சிங்களம் தெரிந்த பேக்கரிக்காரரிடம் கொண்டு ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது எழுத்தோ, ஆரேன் ஜிலேபி பிழிஞ்சு வைச்சதோ?" என்று கேட்டார். பிறகுதான் தெரிந்தது, அது தாய்லாந்துச் சாமானாம். "படம் கிடக்குத்தானே அக்கா, படத்தைப் பாத்துப் பூட்டுவம்" என்றான் சுபாஸ்கரன்.

பின்பக்கம் லேசாக முடிந்தது. அச்சுக்கும் வில்லுத்தட்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டையை வைத்து நீளப் போல்ற்றால் இறுக்கினான். முன்பக்கத்தில்தான் வினை. உப்புக்காற்றில் பழைய போல்ற்றுகள் துருப்பிடித்து, நாங்கள் இந்த வீட்டை விட்டு எழும்பமாட்டோம் என்று இருந்துவிட்டன. ஒரு கிழமையாகப் பிக்கப் பின்பக்கத்தைத் தூக்கி, முகத்தை நிலத்தில் கவிழ்த்து, முழந்தாளில் நின்று ஜெபம்பண்ணுகிற மாதிரி முற்றத்தில் நின்றது. றோட்டால் போகிறவர்கள் எல்லாம் வேலியால் எட்டிப்பார்த்து, "என்ன ஐரிஸ், பிக்கப்புக்கும் துக்கமோ?" என்று கேட்டார்கள். ஓம், அதுக்கும் துக்கம்தான், உங்களுக்கென்ன என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து காலையும் பின்னேரமும் அந்தப் போல்ற்றுகளுக்கு விட்டேன். உங்கள் முதுகுக்குக்கூட நான் இவ்வளவு எண்ணெய் பூசினதில்லை. கடைசியில் அதுகளே இரங்கிக் கழன்றன. முன் ஸ்பிறிங்கும் ஏறியது. வேலை முடிந்ததும் சுபாஸ்கரன் கண்ணூறு படாமல் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைச்சு நசிக்கவேணும் என்று நின்றான். இது வேதக்கார வீடு என்றேன். "வேதக்காரற்றை பிக்கப்பும் றோட்டிலைதானே அக்கா ஓடுது?" என்று கேட்டான். தேசிக்காயைச் சில்லுக்கு வைக்காமல் வெட்டிப் பிழிந்து, சீனி போட்டுக் கரைத்து இரண்டுபேரும் குடித்தோம்.

பொழுதுபட்ட கையோடு லைற்றைப் போட்டுப் பார்த்தால், வெளிச்சம் றோட்டில் விழாமல் முன்வீட்டு முருங்கைமரத்தில் ஏறி நிற்கிறது. மரத்தில் படுத்திருந்த கோழிகள் விடிந்துபோச்சென்று கூவி, ஒவ்வொன்றாகக் கீழே குதிக்க, அந்த வீட்டு மனிசி விளக்குமாற்றோடு வெளியே வந்துவிட்டா. முகத்தைத் தூக்கினால் கண்ணும் மேலேதான் பார்க்கும் என்பது படத்தில் இல்லையாம். சுபாஸ்கரன் லைற்றைத் தாழ்த்தி வைத்தான்.

அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை. நீங்கள் இருந்தமட்டும் நீங்கள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். இப்போது திறப்பு என் கையில், வலப்பக்கம் ஏறவேண்டியது நான். நீங்கள் ஒற்றைக்காலில் நின்று என்னை லைசன்ஸ் எடுக்கவைத்தது நல்லதாய்ப் போச்சு. ஆனால் லைசன்ஸ் இருந்தென்ன, கால் எட்டவேண்டாமா? நாலு விரற்கடைதான் உயர்த்தினானாம். எனக்கு ஒரு முழம் உயர்ந்த மாதிரி இருக்கிறது. ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதில் ஏறி, கதவைப் பிடித்து, ஆண்டவரையும் பிடித்துக்கொண்டு உள்ளே விழுந்தேன். பெட்டி கீழே நின்றுவிட்டால் சந்தையில் என்னெண்டு இறங்கி ஏறுவது? அதனால் ஆட்டுக்கயிற்றைக் கட்டி, ஏறினதும் பெட்டியை மேலே இழுத்துக்கொள்ளுகிறேன். முதல்நாள் இழுக்க மறந்துபோய், பெட்டி கடகடவென்று ஒழுங்கை முழுக்கப் பின்னால் ஓடிவர, அதற்குப் பின்னால் ஊர் நாய் எல்லாம் ஓடிவந்தன.

போன கிழமை அடித்த மழைக்குப் பள்ளம் நிரம்பிவிட்டது. விடிய நான் போக முதலே லெனாட் அங்கே நின்றார். எனக்கு ஆழம் காட்டுகிறேன் என்று தன்னுடைய மோட்டார் சைக்கிளைத் தண்ணிக்குள் விட, அது நடுவில் இருமி இருமி அடங்கிவிட்டது. குடையைப் பிடித்தபடி, "அண்ணி, வராதேங்கோ, வராதேங்கோ!" என்று கத்துகிறார். நான் முதலாம் கியரைப் போட்டுக் காலை எடுக்காமல் விட்டேன். பரமண்டல ஜெபம் பாதியில் மறந்துபோனது உண்மை. ஆனால் பிக்கப், நீங்கள் தண்ணிக்குள் நடப்பதுபோல, நீளக் காலை எட்டி எட்டி வைத்து அக்கரைக்குப் போய் நின்றது.

கத்தரிக்காயை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாவம் பார்த்து மோட்டார் சைக்கிளையும் பின்னால் ஏற்றினேன்.

"அண்ணி, நான் முன்னுக்கு ஏறட்டோ?"

"முன்னுக்கு இடமில்லை."

"சீற் வெறுமையாயெல்லோ கிடக்கு?"

"பின்னாலை ஏறும், லெனாட்."

சந்தை வரைக்கும் கத்தரிக்காய் மூட்டைக்கு மேல் குடையோடு இருந்து வந்தார். திறப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. பிக்கப் எங்களுடையதுதான். இனி ஆர் கேட்டாலும் குடுக்கிறதாய் இல்லை.

சரி, இனி ஏச்சு. நெடுவலுக்கென்ன, காலைத் தூக்கி வைத்தால் உள்ளே. என்ரை உயரம் உங்களுக்குத் தெரியாதா? என்ரை முழங்காலுக்கு உங்கள் கையாலேயே தைலம் பூசிப்போட்டு, பிக்கப்பை உசத்த எப்படி மனம் வந்தது? இவள் என்னெண்டு ஏறுவாள் என்று ஒரு சொட்டும் யோசிக்கவில்லை. இதை நான் மறக்கமாட்டேன். உயிர்த்தெழுதலின் நாளில் உங்களைக் கண்டால் முதலில் இதைத்தான் கேட்பேன், சுகமெல்லாம் பிறகு.

மற்றும்படி, அங்கே மாமா மாமிக்கு என் தோத்திரத்தைச் சொல்லுங்கோ. ஆண்டவர் தம்முடைய செட்டைகளின் கீழ் உங்களை வைத்துக் காப்பாராக. நீங்களும் அங்கே எதையும் கழற்றிப் பூட்டி அவருக்குக் கரைச்சல் குடுக்காதேங்கோ. இதைத் தபாலில் போட வழியில்லை. டாஷ்போட்டுக்குள் வைக்கிறேன். எது காணாமல்போனாலும் முதலில் அங்கேதானே தேடுவீர்கள்.

கோபத்தோடும் அன்போடும்,
ஐரிஸ்

பி.கு.: மேலே ஏசினதை எல்லாம் வாசிக்கவேண்டாம். கடிதத்தை மடிக்க முதல், வெல்டிங் செய்கிற செபமாலையண்ணை சைக்கிள் கரியரில் ஒரு இரும்புப் படியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "தங்கச்சி, இது உன்ரை மனுசன் அன்புராஜா ஓடர் தந்தது. மனுசி கட்டை, முழங்கால் நோ, இது வந்தால்தான் பிக்கப்பை உசத்துவன் எண்டு வந்து வந்து நிண்டவன். செத்தவீட்டுக்குள்ளை தூக்கிக்கொண்டு வர எனக்கு மனம் வரேல்லை" என்றார். அதுக்குத்தானோ பொறு பொறு எண்டனீங்கள்? "ஒண்டுதானோ அண்ணை?" எண்டு கேட்டன். "ஒண்டுதான், இடப்பக்கத்துக்கு. வலப்பக்கம் தனக்குத் தேவையில்லை எண்டவன். வேணுமெண்டால் அங்காலைக்கும் ஒண்டு அடிச்சுத் தாறன்." வேண்டாமெண்டிட்டன். பூட்டிப்போட்டு அவர் போனாப் பிறகு, சோடாப் பெட்டி இல்லாமல் அந்தப் படியிலை கால்வைச்சு இடப்பக்கத்தாலை ஏறினன். முழங்கால் நோகேல்லை. என்ரை பழைய இடத்திலை கொஞ்சநேரம் இருந்திட்டு, கியர்த் தடியைத் தாண்டி உங்கடை இடத்துக்கு அரக்கி வந்து, திறப்பைத் திருப்பினன். இஞ்சேரப்பா, இப்பிடி வடிவான படியை வைச்சுப்போட்டு, நான் உங்கடை பக்கம் வந்தாப் பிறகு அந்தப் பக்கத்தாலை ஆரப்பா ஏறுறது?