லேபிள்காரர் வீட்டு அந்து

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. விரல்நகம் அளவுகூட இல்லாத ஒரு பூச்சி ஒரு மனிதரைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

லேபிள்காரர் மனைவியின் சால்வையை எடுக்க அலமாரியைத் திறந்தார். மடிப்பிலிருந்து பொன்னிறத்தில் ஒன்று ஓடியது. பறக்கவில்லை, ஓடியது. அந்துப்பூச்சி.

பூச்சி அருங்காட்சியகத்தில் முப்பத்தொரு வருஷமாக, ஊசியில் குத்திய பூச்சிகளுக்கு அடியில் பெயர்ச்சீட்டு எழுதி வைப்பது அவர் வேலை. சொந்தப் பெயரே மறந்து, எல்லோருக்கும் லேபிள்காரர் ஆகிவிட்டார். மனைவி போய் நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தச் சால்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வார். அவள் தலைக்குத் தேய்த்த மூலிகை எண்ணெயின் வாசனை கழுத்து மடிப்பில் அப்படியே இருந்தது. அவளுடையது என்று அவருக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

"அந்துருண்டை போட்டா தீர்ந்துது மாமா," என்றாள் மருமகள்.

"உருண்டை வாசனை ஏறினா அவ வாசனை போயிடும்மா."

"அப்போ துவைச்சிடலாம்."

அவர் பார்த்த பார்வையில் அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

முதலில் அது என்ன வகை என்று தெரிய வேண்டும். மாவு டப்பாவில் பிறக்கிற அந்து என்றால் பயமில்லை, துணிப் பக்கம் வராது. டம்ளரைக் கவிழ்த்து அதைப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். இறக்கையில் புள்ளி இல்லை. தலையில் செம்பட்டையாக ஒரு முடிக்கொத்து. துணி அந்தேதான்.

"கடிக்குமா மாமா?"

"இதுக்கு வாயே வேலை செய்யாது. புழுவா இருக்கும்போது தின்னதுதான். வளந்தப்புறம் சாகிற வரைக்கும் பட்டினி."

"பெத்தவங்க பட்டினி, பிள்ளைங்க உட்கார்ந்து தின்னுதுங்களா? நல்ல குடும்பம்," என்று மருமகள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

மகன் பக்கத்தைப் புரட்டினான். லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று இருப்பவன். அம்மா போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று உறவுக்காரர்கள் இன்னும் குறை சொல்வார்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கம்பளி எது வந்தாலும், பையில் கட்டி இரண்டு வாரம் உறைய வைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். லேபிள்காரரும் சால்வையைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தார். மூன்றாம் நாள் கரண்ட் போனது. மேல்தட்டு மீனின் ஐஸ் உருகி வழிந்து, முடிச்சு வழியே பைக்குள் இறங்கியது. மடிப்பில் இருந்த புழுக்கள் பிழைத்துக்கொண்டன. சால்வையின் ஒரு முனை நாறியது.

"அத்தைக்கு மீன்னா உயிரு. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மாமா," என்று மருமகள் ஆறுதல் சொன்னாள்.

அந்த முனையை மட்டும் அலசிக் காயவைத்து, அடுத்த வைத்தியத்தில் இறங்கினார். பெண் அந்தின் வாசனை தடவிய ஒட்டு அட்டை ஒன்றை வேலையிடத்தில் கேட்டு வாங்கிவந்து அலமாரிக்குள் தொங்கவிட்டார். ஆண்கள் தேடி வந்து ஒட்டிக்கொண்டால் வம்சம் அற்றுப்போகும் என்பது கணக்கு. ஆனால் ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார். கட்டடத்தில் இருந்த ஆண் அந்துகள் அத்தனையும் கிளம்பி வந்தன. அட்டையில் ஒட்டியவை போக மீதிப்பேர் அலமாரிக்குள் மாப்பிள்ளைகளாகக் குடியேறினார்கள்.

மேல்வீட்டு அம்மா படியில் நிறுத்திச் சொன்னாள்: "எங்க வீட்ல இப்ப ஒரு அந்து இல்லைங்க. என்னமோ பண்ணியிருக்கீங்க, நல்லா இருங்க."

அட்டை வேலை செய்யட்டும் என்று இரண்டு மாதம் அலமாரியைத் திறக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளினார். பிறகு ஒரு காலையில் திறந்தார். சால்வையின் கழுத்து மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரத்தில் பட்டு நூலில் கூடு பின்னிக்கொண்டு கொழுத்த புழுக்கள். முகத்தில் வைத்துப் பார்த்தார். வெறும் தூசி வாசனை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சுத்தமான கம்பளியில இது தேறாதும்மா. வேர்வையும் எண்ணெயும் பட்ட இடமாப் பாத்துத்தான் தின்னும். அவ இருந்த இடத்தையே தின்னுட்டுப் போயிடுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். அழும்போதும் முப்பத்தொரு வருஷப் படிப்பு அவரை விடவில்லை. "ஆனா நாலு வருஷத்து எண்ணெய் எப்பவோ காய்ஞ்சிருக்கணுமே. இவ்வளவு கொழுக்க இதுங்களுக்கு எங்கிருந்து கிடைச்சுது?"

வாசலில் நின்ற மகன் தொண்டையைச் செருமினான்.

"காயலப்பா. வாசனை போயிட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னு, மாசாமாசம் அந்த இடத்துல நான்தான் அந்த எண்ணெயை ஒரு சொட்டு விட்டுட்டு வர்றேன்."

நீங்களும் உங்கள் வீட்டு மனுஷர்களும் நிறைந்த ஆயுசோடு ஒரே கூரையின் கீழ் நன்றாக இருங்கள், கண்ணுகளா.