நஸ்ஹா நீட்டிய அட்டை

“வைக்காத சபீனா! தட்ட வைக்காத! அவ கேக்கட்டும்!”

ஸாஹிர் குசினிக்குள் பாய்ந்து வருவதற்குள் சபீனா மகளுக்கு முன்னால் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டாள். நஸ்ஹா ஒன்றை எடுத்துக் கடித்தாள். பக்கத்தில் பிஸ்கட் படம் போட்ட அட்டை சும்மா கிடந்தது.

“மொகத்தப் பாத்தாலே பசி தெரியுது. மறுகா என்னத்தக் கேக்கிற?” என்றாள் சபீனா.

நஸ்ஹாவுக்கு ஆறு வயது, ஓட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து கிழமைக்கு ஒருநாள் வரும் கேதீஸ்வரி டீச்சர்தான் அட்டைகளைக் கொடுத்தார். “வேணுமெண்டதுக்குப் படத்த எடுத்து உங்கட கையில தருவா. தந்த உடன செய்து குடுங்க. அதுக்கு முதல் ஒண்டையும் நீட்டாதீங்க” என்றும் சொல்லியிருந்தார்.

சொல்வது லேசு. பிள்ளை கேட்கும்வரை காத்தான்குடியில் யார் காத்திருக்கிறார்கள்? வாய் திறக்கும் முன்னே வாய்க்குள் வைத்துவிடும் சனம்! ஸாஹிருக்கோ ஒரே ஆசை. மகள் ஒரு தடவை, ஒரேயொரு தடவை, தன்னிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். வீட்டில் உள்ளதையெல்லாம் படமெடுத்து நாற்பது அட்டை செய்து வைத்திருந்தான். நஸ்ஹா ஒன்றையும் தொடவில்லை.

பக்கத்து வீட்டு நஸீறா மாமி மதிலுக்கு மேலால் வட்டிலாப்பம் நீட்டினார். முன்வீட்டுப் பக்கீர் காக்கா மாம்பழம் கொடுத்தார். பொறுத்துப் பார்த்த ஸாஹிர் ஒரு மட்டையில் எழுதி வாசல் கேற்றில் கட்டினான்: ‘நஸ்ஹாவுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.’

வந்தது வினை! பிள்ளைக்கு வயிற்றில் ஏதோ வருத்தம், டொக்டர் சாப்பாட்டை நிறுத்திவிட்டாராம் என்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கக் கதை போய்விட்டது. நஸீறா மாமி ஓதின தண்ணீரோடு வந்தார். பக்கீர் காக்கா இளநீர்க் குலையோடு வந்தார். பின்வளவு றுமானா கஞ்சி வாளியோடு வந்தாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வீட்டுக்குள் நிறைந்தார்கள்.

“வருத்தம் ஒண்டுமில்ல! அட்டையத் தந்து கேக்கப் பழக்குறம், அவ்வளவுதான்!” என்றான் ஸாஹிர்.

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“இதானா சங்கதி? நாங்களும் பழக்குறம்!” ஆளுக்கொரு அட்டையைத் தூக்கினார்கள்.

“மகள், இஞ்ச பாருங்க, இளனி!”

“கஞ்சி, தங்கம், கஞ்சி!”

“சத்தம் போடாதீங்க!” என்று எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தினான் ஸாஹிர்.

நஸ்ஹா காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். ஸாஹிர் மேசைக்கு முன்னால் குந்தினான். யா அல்லாஹ், பழக்கப் போய்ப் பிள்ளையைப் பயப்படுத்திவிட்டேனே!

அப்போது மேசைக்கடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு மேசையில் கிடந்த அட்டைகளைத் துழாவியது. ஒன்றை எடுத்துக்கொண்டு நஸ்ஹா வெளியே வந்தாள். நேராக வாப்பாவிடம் போய் அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

கேற்றின் படம்.

“கேட்டுட்டா! என்ட புள்ள கேட்டுட்டா!” ஸாஹிர் அழுதேவிட்டான். “வெளிய போகோணுமாம்! வாவிக்கரைக்குப் போவம்! சுறுக்கா வாங்க, உடன செய்யோணும்!”

சபீனா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபடி செருப்பைத் தேடினாள். கஞ்சி வாளியும் இளநீர்க் குலையுமாகக் கூட்டம் முழுக்கத் தெருவுக்கு இறங்கியது. ஸாஹிர் ஓடிப்போய் ஒரு ஓட்டோவை மறித்தான்.

“பாருங்க தம்பி, என்ட மகள் வாழ்க்கையில முதல் தரம் கேட்டிருக்கா!” என்று ஓட்டோக்காரன் சதீசனிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு, மகளைத் தூக்கத் திரும்பினான்.

நஸ்ஹா கேற்றுக்கு உள்ளே நின்றாள். இரண்டு கையாலும் கேற்றைச் சாத்தினாள். போய்ப் படியில் உட்கார்ந்து, சட்டைப் பைக்குள் இருந்த மிச்ச பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

“என்ன மகள், வாங்க! வெளிய போகோணுமெண்டு நீங்கதானே கேட்டீங்க?”

சதீசன் தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். உள்ளே பிள்ளையைப் பார்த்தான். கையிலிருந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

“அண்ணன், புள்ள கேட்டத நீங்க அப்பவே குடுத்திட்டீங்க. எல்லாரும்தான் வெளிய வந்திட்டீங்களே!”