மேட்டுக்காரியின் வைக்கோல் போர்க்களம்

வாழ்க மேட்டுக்காரி! சரிவு நிலத்தின் தனிப்பெரும் தலைவி, முட்டைக்கோஸ் நாற்றுகளின் முடிசூடா அரசி, முழங்கால்வரை சேறும் முதுகு முழுக்கத் தைலமுமாக வலம்வரும் மாவீரி வாழ்க! மண்ணின்மேல் வைக்கோலையும் வைக்கோலின்மேல் தன் மானத்தையும் விரித்து அவள் நிகழ்த்திய பெரும்போரைப் பாடத் தொடங்குகிறோம். காற்றே, கொஞ்ச நேரம் சும்மா இரு. நீ பறக்கவிட்டது போதும்.

சரிவின் அடியில் ஒரு மீன்குளம் உண்டு. அது அவள் நாத்தனாருக்குச் சொந்தம். சென்ற மழையில் மேட்டுக்காரியின் மேல்மண், போட்ட உரத்தையெல்லாம் தோளில் சுமந்துகொண்டு, கொடி பிடிக்காத குறையாக ஊர்வலம் போய் அந்தக் குளத்தில் இறங்கியது. உரத்தைத் தின்று கொழுத்த பாசி குளத்தைப் பச்சையாய் மூட, மூச்சுமுட்டிய மீன்கள் வெள்ளை வயிற்றை வானத்துக்குக் காட்டி மிதந்தன. அன்று நாத்தனார் வரப்பில் ஏறி நின்று, இடுப்பில் கைவைத்து, திசைகள் நடுங்கச் சூளுரைத்தாள்:

"அண்ணி! இன்னொரு தடவை உங்க மண்ணு என் குளத்துல இறங்கட்டும், இங்க தண்ணி இறைக்கிற உங்க மோட்டாரைக் கழட்டி ரோட்டுல வெச்சிருவேன். அப்புறம் கோஸுக்குக் கண்ணீர் விட்டுப் பாய்ச்சிக்குங்க!"

குளத்துத் தண்ணீர் இல்லையேல் கோஸ் இல்லை. கோஸ் இல்லையேல் மேட்டுக்காரி வெறும் மேடுதான். எனவே அவள் ஆயுதம் தேடினாள். மழைத்துளி வெற்று மண்ணில் குண்டுபோல் விழுந்து துகளைச் சிதறடிக்கும்; நடுவில் வைக்கோல் கிடந்தால் அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும், தண்ணீர் அவசரப்படாமல் மண்ணுக்குள் இறங்கும். இதை அறிந்த அவள் வண்டி நிறைய வைக்கோல் இறக்கி, சரிவெங்கும் பரப்பி, மண்வெட்டி முனையால் ஆங்காங்கே மண்ணுக்குள் அழுத்திச் செருகி, பொன்வேய்ந்த அரண்மனைக் கூரைபோல் நிலத்தைப் போர்த்தி முடித்து, நிமிரமுடியாமல் நிமிர்ந்து நின்றாள்.

அந்தோ! மாவீரர்க்கும் ஒரு பிழை உண்டு. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று அவள் வாங்கியது சரியாக அடிக்காத வைக்கோல். கதிர்களில் மணி மிச்சமிருந்தது.

மணியின் வாசம் பள்ளத்தை எட்டியது. நாத்தனாரின் கோழிப்படை கிளம்பியது. முன்னே வந்தான் இன்ஸ்பெக்டர் என்று பட்டம் பெற்ற சேவல். செங்கொண்டை சிலிர்த்தவன், வாலிறகை வாளென வளைத்தவன், யாரையும் சாய்வாகப் பார்த்தே சந்தேகப்படுகிறவன். பின்னே பெட்டைகள் அலையலையாய் ஏறின. நகங்கள் பாய்ந்தன, வைக்கோல் பறந்தது, பொற்கூரையின் நடுவில் சொட்டை விழுந்தது. கல்லெடுத்த மேட்டுக்காரியின் கை ஓங்கிய இடத்திலேயே நின்றது. ஏனெனில் பள்ளத்திலிருந்து முழங்கியது பகையின் குரல்:

"என் கோழி மேல ஒரு கல்லு பட்டுச்சோ, மோட்டார் ரோட்டுக்குத்தான்!"

"உன் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக்கோ தாயே! வாரண்ட் இல்லாம என் காட்டைச் சோதனை போடுறான்!"

கல்லைக் கீழே போட்டவள், "சூ!" என்ற ஓரெழுத்து அஸ்திரத்தை ஏவினாள். பெட்டைகள் ஒருபக்கம் விலகி மறுபக்கம் ஏறின. துணைப்படை வேண்டி வீட்டை நோக்கிக் கூவினாள். ஆனால் அவள் கணவரோ, ஒருத்திக்குப் புருஷன் இன்னொருத்திக்கு அண்ணன் என்ற இரட்டைப் பதவியால் நடுநிலை வல்லரசானவர். போர் மூளும்போதெல்லாம் செருப்பைத் தேடும் தவத்தில் அமர்பவர்.

"வந்துட்டேம்மா, ஒத்தைச் செருப்பைக் காணோம்!" என்று அறிவித்தார்.

அப்போது கருமேகக் களிறுகள் பிளிறின. முதல் துளிகள் விழுந்ததும் பெட்டைகள் வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தன. இன்ஸ்பெக்டர் மட்டும் கடமை தவறாமல் கிளறிக்கொண்டு நின்றான். அவனுக்குச் சளி பிடிக்குமே என்று பதறிய நாத்தனார், சரிவில் வழுக்கி, விழுந்து, எழுந்து மேலேறி வந்து சேவலை வாரி அக்குளில் இடுக்கினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள்.

வைக்கோல் கிடந்த இடத்தில் மழை சாதுவாக மண்ணுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கோழி கிளறிய சொட்டையில் மட்டும் மண் கரைந்து, பழுப்புநிறப் பாம்பாய் நெளிந்து, யாரையும் வழி கேட்காமல் நேரே குளத்தை நோக்கிப் புறப்பட்டிருந்தது.

மேட்டுக்காரியால் நாக்கை அடக்கமுடியவில்லை. "போகுது பாரு, உன் கோழி தோண்டின மண்ணு உன் குளத்துக்கே போகுது. இன்ஸ்பெக்டர்கிட்டயே புகார் குடு!"

"வாயை மூடிட்டு அந்த மிச்ச வைக்கோல் கட்டை இப்படித் தள்ளுங்க அண்ணி! என் மீனு செத்துரும்!"

அந்நொடியில் இரு பேரரசுகளும் மண்டியிட்டன. ஒருத்தி வைக்கோலை அள்ளி வீச, மற்றவள் அதைச் சேற்றில் மிதித்து அழுத்த, அக்குளில் அகப்பட்ட சேவல் ஒவ்வொரு மிதிக்கும் ஒருமுறை கத்த, இடி முரசறைய, மின்னல் விளக்கேந்த, கைகள் நான்கும் ஒரே கையாகிச் சொட்டையை மூடின. பாம்பு மெலிந்தது, நூலானது, குளக்கரைப் புல்லை எட்டுமுன் காணாமல்போனது.

ஒத்தைச் செருப்போடு வந்து சேர்ந்த நடுநிலை வல்லரசு, "மழையில ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?" என்று வினவியது. நான்கு கண்கள் அதன்மேல் திரும்பின. வல்லரசு குனிந்து வைக்கோல் அள்ளியது.

இவ்வாறு மண் மண்ணிலும், மீன் நீரிலும், சேவல் அக்குளிலும் நிலைபெற, விண்ணவர் பூமாரி பொழியாவிட்டாலும் வானம் மழையையேனும் பொழிந்து தீர்க்க, வெற்றித்திருமகள் இருவர் தலையிலும் ஈர வைக்கோலைச் சூட்டி ஆசீர்வதிக்க, அண்டமெல்லாம் அதிர்ந்து அடங்கியது.

மறுநாள் காலையில் மேட்டுக்காரி மோட்டாரைப் போட்டாள், தண்ணீர் வந்தது.