ஒலி புகா அறைக்குள் புகுந்தவர்கள்

பல்கலைக்கழக இசைக் கல்லூரிக்கு ஒரு பெரிய அரங்கமும், அதன் பின்னால் ஒரு வரிசைப் பயிற்சி அறைகளும் கட்டித் திறந்துவைக்கப்பட்டன. அரங்கம் கச்சேரிக்கு, அறைகள் பயிற்சிக்கு. இதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அறைகள் நன்றாக அமைந்துவிட்டதுதான் தொல்லையாகப் போயிற்று.

கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. திறப்பு விழாவன்று அதைச் சோதிக்க உள்ளே நுழைந்த துணைப் பதிவாளர், அப்படி ஒரு நிம்மதியைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்றார். மறுநாள் அவருடைய மேசை வந்தது. பின்னாலேயே கோப்புகள் வந்தன. பிறகு கணக்குப் பிரிவு, தேர்வுப் பிரிவு, கடைசியாக அரங்க அதிகாரி. மாணவர்கள் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். அதிகாரிகள் டீ குடிக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் சத்தம் உள்ளே வந்ததால், தாழ்வாரத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை மாட்டப்பட்டது.

என் அண்ணன் மகள் அங்கே டிரம்பெட் படிக்கிறாள். இறுதித் தேர்வில் அந்தப் பெரிய அரங்கத்தில் தனியாக நின்று வாசிக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு. வீட்டில் ஊதினால் கீழ்வீட்டுக்காரர் குளியலைப் பாதியில் விட்டு ஈரத் தலையோடு மாடியேறி வந்துவிடுவார். கழிப்பறையை ஒட்டிய கடைசி அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே இடம் பிடித்து அவள் ஊதிக்கொண்டிருந்தாள். அதற்கும் விளக்கம் கேட்டார்கள்.

நான் நேரே அரங்க அதிகாரியிடம் போனேன். என்னைக் கண்டதும் பின்வாசல் தேடிய அதிகாரிகள் பலர் உண்டு. இவர் நாற்காலி போட்டார்.

“பயிற்சி அறையில பயிற்சி பண்ணக் கூடாதுன்னா என்னங்க நியாயம்?”

“தோழர், நிதானமா யோசிங்க. இது என்ன அறை?”

“ஒலி புகா அறை.”

“அப்ப உள்ள ஒலி இருக்கலாமா?”

“வெளியிலேருந்து வரக் கூடாதுன்னுதானே அர்த்தம்!”

“டிரம்பெட் வெளியிலேருந்துதானே வருது?”

“சரி, அரங்கத்தையாவது திறந்து விடுங்க.”

“ஐயையோ! நிபுணர் வந்து, ஒலித்தரம் மிகச் சிறப்புன்னு சான்று குடுத்திருக்கார். அன்னைக்கு இருந்தபடியே பூட்டி வச்சிருக்கோம். யாராவது தப்பா வாசிச்சு, அது சுவர்ல படிஞ்சிட்டா?”

“தேர்வு அங்கதானே நடக்குது?”

“தேர்வுல தப்பா வாசிக்க முடியாதே. வாசிச்சா ஃபெயில் பண்ணிடுவோமே!”

அன்று மாலையே ‘பயிற்சி உரிமை மீட்புக் குழு’ உதயமாயிற்று. தலைவர் பொறுப்பை ஏற்கும்படி நான் கேட்டுக்கொள்ளப்பட்டேன். துண்டறிக்கை அடித்தோம், வாயிலை மறித்தோம்.

“சித்தப்பா, எனக்கு அந்த உடைஞ்ச நாற்காலி ரூம் போதும்,” என்றாள் அண்ணன் மகள்.

“உனக்கு மட்டும் வாங்கினா அது சலுகை. எல்லாருக்கும் வாங்கினாத்தான் உரிமை.”

“அது எப்பக் கிடைக்கும்?”

“போராட்டத்துக்கெல்லாம் தேதி குறிக்க முடியாதும்மா.”

“தேர்வுக்குக் குறிச்சுட்டாங்களே!”

நிர்வாகம் பணிந்தது. எங்கள் குழு முறைப்படி அங்கீகரிக்கப்பட்டது. அமர்ந்து பேச எங்களுக்கென்று ஓர் அறையும் ஒதுக்கினார்கள். அதே கடைசி அறை. உடைந்த நாற்காலிகள் போய் நல்ல நாற்காலிகள் வந்தன, மின்விசிறி வந்தது. மூலையில் இருந்த டிரம்பெட் பெட்டியைத் தோழர்கள் பத்திரமாகத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்தார்கள். அதை வரலாற்று வெற்றி என்று துண்டறிக்கையில் எழுதினேன்.

எதிரிகள் கொடுத்ததானாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அருமையான அறை. என் பேச்சு அவ்வளவு தெளிவாக எனக்கே அதுவரை கேட்டதில்லை. கோரிக்கையின் முதல் பத்தியை நாங்கள் செதுக்கிக்கொண்டிருந்தபோது, டீ வாங்க ஒருவர் கதவைத் திறந்தார். காதைப் பிளக்கும் ஓர் அலறல் உள்ளே புகுந்தது. செயலாளருக்கு வாக்கியம் மறந்துவிட்டது. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

“யாரது? உங்க உரிமையைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம், பேச விடுறீங்களா?”

“நான்தான் சித்தப்பா.”

“நீயா... கொஞ்சம் அடக்கி ஊதும்மா.”

“அடக்கி ஊத இது என்ன புல்லாங்குழலா?”

“சரி, உச்சத்துக்குப் போற இடத்துல மட்டும் நிறுத்திக்கோ. கதவு சாத்தியிருந்தா மேல போ.”

சொன்னதைக் கேட்கிற பெண். அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்கள் தடங்கலின்றி நடந்தன. அவளுடைய ஒத்துழைப்பைப் பாராட்டித் தீர்மானம்கூட நிறைவேற்றினோம்.

தேர்வு நாள் வந்தது. அரங்கத்தின் பூட்டைத் திறந்தார்கள். முதல் வரிசையில் அரங்க அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலி, குழுத் தலைவர் என்ற முறையில் எனக்கு. அவள் மேடைக்கு நடுவில் நின்று ஊத ஆரம்பித்தாள். கணீரென்று வந்தது. பின்சுவர்வரை போய் மெல்லத் திரும்பி வந்தது. படிப்படியாக ஏறினாள். உச்சத்துக்கு ஒரு படி கீழே வந்ததும் டக்கென்று நிறுத்தி, கருவியை இறக்கி, என்னைப் பார்த்தாள்.

நான் கையை ஆட்டி, “ஊதும்மா, ஊது!” என்று சைகை காட்டுவதற்குள், முடிந்துவிட்டதென்று எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். தேர்வாளர்கள் பேனாவைத் திறந்து, குனிந்து, எழுதிக்கொண்டார்கள்.

அரங்க அதிகாரி மனம் நெகிழ்ந்து என் காதருகே சாய்ந்தார்.

“எவ்வளவு அடக்கமான பொண்ணு, தோழர்! எங்களால இத்தனை வருஷம் ஒருத்தரையும் இப்படிப் பழக்க முடியலையே. இவளை யாருங்க பழக்கினது?”

எந்த அதிகாரியையும் பதில் சொல்லாமல் விட்டவன் அல்ல நான். அன்றைக்குக் கைதட்டல் பலமாக இருந்ததால், அவர் கேட்டது காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.