சந்திரநாத நயினார் வண்டிக்கு மூச்சு முட்டியது

சூரியன் மறைந்துவிட்டால் சந்திரநாத நயினார் வாயில் ஒரு பருக்கை படாது. திருப்பருத்திக்குன்றம் முழுக்க அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது.

சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்று ஒரு வருஷ விரதம், கோயிலில் ஊரறிய எடுத்தார். பக்கத்தில் நின்று அவர் மனைவி குணமாலாவும்தான் எடுத்தாள். ஆனால் பாராட்டு விழா அழைப்பிதழில் அச்சானது அவர் பெயர் மட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருஷம் முடிகிறது. பொன்னாடை தயார்.

விரதமா? அட நீங்க வேற! அது மூணாம் மாசமே பிள்ளையார்பாளையம் தோசைக் கடையில் கவிழ்ந்துபோச்சு. சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு சாக்கு வேண்டுமே? இருபது வருஷத்துப் பழைய கார் கைகொடுத்தது.

"குணமாலா, வண்டி திக்குது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

"பகல்ல நல்லாத்தானே ஓடிச்சு?"

"இன்ஜின் சூடாவணும். பொழுது சாஞ்சாதான் கோளாறு தெரியும்."

"ஏங்க, வண்டியும் நம்மள மாதிரி பொழுது பாத்துக்கினு இருக்குதா?"

"உனக்கு இன்னா தெரியும்? மிதிச்சா ஒரு நிமிஷம் யோசிக்குது. அப்புறம் தூக்கிப் போடுது. பாலத்து மேட்டுல இழுவையே இல்ல. மூச்சு வாங்குது."

"ஐயையோ, மூச்சு வாங்குதா! அதுக்கு மூக்கு எங்க இருக்குது?"

கட்டின பெண்டாட்டி இவ்வளவு அக்கறையாய்க் கேட்டால் மனுஷனுக்குத் தலைகால் புரியுமா? பானெட்டைத் திறந்து பாடமே நடத்திவிட்டார்.

"இந்தக் கருப்பு டப்பாதான் ஏர் ஃபில்டர். காத்து இது வழியாத்தான் போவணும். இங்க எதனா அடைச்சுக்கிச்சுன்னு வெச்சுக்க, பெட்ரோல் சரியா எரியாது. இழுவை போயிடும். கரும்புகை கக்கும்."

"அப்படியா!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள் குணமாலா.

முதலில் ப்ளக்கை மாற்றினார். அப்புறம் பெட்ரோல் ஃபில்டர். அப்புறம் இக்னிஷன் காயில். நோயே இல்லாத வண்டிக்கு எத்தனை வைத்தியம்! ஒன்பது மாசமாகக் கோளாறு பிடிபடவில்லை. வெங்காய ஊத்தப்பம் மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

போன வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல வண்டியை எடுத்தார். தெருமுனையில் மிதித்தார். வண்டி யோசித்தது. நிஜமாகவே யோசித்தது!

"அடக் கடவுளே!"

இன்னும் மிதித்தார். தூக்கிப் போட்டது. பாலத்து மேட்டில் கரும்புகை கக்கிக்கொண்டு மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. சைக்கிளில் பாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்த நெசவாளி ஒருவர் சாவகாசமாக அவரைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, தள்ளி உடட்டுமா?"

நயினாருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஒன்பது மாசமாகச் சொன்ன பொய் வார்த்தைக்கு வார்த்தை பலித்திருக்கிறதே! இது விரதத்தை முறித்த பாவமேதான். அப்போதும் வயிறு ஊத்தப்பம் கேட்டதே, அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

ஊர்ந்து ஊர்ந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தார். ரெண்டு ஊத்தப்பம் உள்ளே போனதும் கொஞ்சம் தெம்பு வந்தது. மெக்கானிக் ஜெயக்குமாரைக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெயக்குமார் நிற்கிறான்.

"இன்னாபா இது, நான் இன்னும் போனே போடலியே!"

"அம்மா மத்தியானமே போட்டாங்க சார். ஏழு மணிக்குத் தோசைக் கடைக்குப் போ, வண்டி அங்க மூச்சு வாங்கிக்கினு நிக்கும்னாங்க. மொதல்ல ஏர் ஃபில்டரத் தொறந்து பாருன்னாங்க."

ஜெயக்குமார் டப்பாவைத் திறந்தான். ரெண்டு விரலால் ஒரு துணியை வெளியே இழுத்தான். மஞ்சளாய்ச் சாம்பார்க் கறை. மூலையில் 'ச' என்று குணமாலா கையால் போட்ட தையல். தினமும் கை துடைத்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் அவர் ஒளித்துவைக்கும் கைக்குட்டையேதான்!

"கோளாறு கெடச்சிடுச்சு சார்" என்றான் ஜெயக்குமார். அதே நேரம் நயினார் கையிலிருந்த போன் அடித்தது. குணமாலா.

"ஏங்க, ஒம்போது மாசமாத் தேடினீங்களே, கெடச்சுதா?"

"கெ... கெடச்சுது."

"நீங்க சொன்ன நோயத்தான் வண்டிக்குக் குடுத்தேன். வழி காட்டினதும் நீங்கதான்."

"குணமாலா, உனக்குப் புண்ணியமாப் போவுது. ஞாயித்துக்கெழம ஊரே வரும்மா. என் மானத்த வாங்கிடாத!"

"சேச்சே, உங்க மானத்த வாங்கி நான் இன்னா பண்ணப் போறேன்? அழைப்பிதழ்ல பேர மாத்திப் போட்டுட்டாங்கன்னு கோயில்ல நீங்களே சொல்லிடுங்க. பொன்னாடைய நான் வாங்கிக்கறேன். கைக்குட்டைய நீங்க வெச்சுக்கங்க."